விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே

மார்ச் 6

விரல்களின் நிறத்தை மணிக்கொரு தரம் எழுதி வைக்கச் சொல்லி நர்ஸ் இந்த நோட்டைக் கொடுத்தார். ரோஜா நிறம் என்றால் நல்லது. வெளுத்தால் ரத்தம் போகவில்லை. நீலம் பாரித்தால் போன ரத்தம் திரும்பவில்லை. இரண்டில் எது ஆனாலும் ஓடி வந்து சொல்ல வேண்டும். எனக்கு இது சிரமமில்லை. பன்னிரண்டு வருடமாகப் பால் சொசைட்டியில் டெஸ்டர் வேலை. கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துப் பார்த்து எழுதிப் பழகியவள்.

காலை 6 – ரோஜா. 7 – ரோஜா. 8 – கொஞ்சம் வெளுப்பு. நர்ஸ் வந்து சூடு காட்டும் பல்பைக் கைக்குக் கிட்டே நகர்த்தி வைத்தார். 9 – ரோஜா.

நடந்ததையும் எழுதிவிடுகிறேன், யாராவது கேட்டால் மாற்றிச் சொல்லாமல் இருக்க. என் வீட்டுக்காரர் சிவராசு தென்னை நார் மில்லில் மெஷின் ஆபரேட்டர். முந்தாநாள் காலை பதினொரு மணிக்கு மட்டை சிக்கிக்கொண்டது. மெஷினை நிறுத்தாமல் கையை விட்டிருக்கிறார். ரோலர் வலது கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டது. கோயமுத்தூர் கொண்டு வந்து சேர்த்தபோது மணி ஒன்றரை. டாக்டர் ஆதிகேசவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"சுண்டுவிரலைக் காப்பாத்த முடியாதும்மா. மத்த நாலையும் காப்பாத்தப் பாக்கறோம். தைக்கற ரத்தக்குழாய் அடைச்சுட்டா மணிக்கட்டோட எடுக்க வேண்டி வரலாம். ரெண்டுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுங்க."

நான் பேனாவைப் பிடித்தபடி நின்றுவிட்டேன் போலிருக்கிறது.

"என்ன புள்ள யோசனை? போடு!" என்றார் நங்கையா. என் வீட்டுக்காரரின் அக்கா சரோஜினி.

பேனா சரியாக எழுதவில்லை என்று சொல்லிவிட்டுப் போட்டேன். ஒன்பது மணி நேரம் ஆபரேஷன்.

மார்ச் 7

எல்லா மணியும் ரோஜா.

மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்டது: "கை இருக்குதா புள்ள?"

"இருக்குதுங்க."

அழுதார். பீடி கூடவே கூடாது, பீடி குடித்தவர்கள் பக்கத்தில் வரவும் கூடாது, ரத்தக்குழாய் சுருங்கிவிடும் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொன்னார். தலையாட்டினார்.

என் முழங்கைக்கு மேலே இருந்ததை நர்ஸ் பார்த்துவிட்டார். "இது என்னங்க, இவ்வளவு பெரிய காயம்?"

"பால் கேன் இடிச்சிருச்சுங்க."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நீலம் மஞ்சளாக மாறிவிட்டது. மஞ்சளானால் இன்னும் நான்கு நாளில் போய்விடும்.

மார்ச் 11

இரண்டாவது ஆபரேஷன். புறங்கையில் தோல் மிச்சமில்லை, எலும்பும் நரம்பும் வெளியே தெரிகிறது. அடிவயிற்று ஓரத்துத் தோலை ஒரு பக்கம் மட்டும் ஒட்டியபடி தூக்கி, அதைப் புறங்கை மேல் வைத்துத் தைத்துவிட்டார்கள். மூன்று வாரம் கை வயிற்றோடு ஒட்டியபடியே இருக்க வேண்டுமாம். வயிற்று ரத்தத்தில் அந்தத் தோல் பிழைத்து, பிறகு கையின் ரத்தத்தைப் பிடித்துக்கொள்ளுமாம். அதற்கப்புறம்தான் வெட்டிப் பிரிப்பார்கள்.

பிளாஸ்திரி சுற்றி, கை அசையாமல் இடுப்போடு கட்டியிருக்கிறது. இந்த மூன்று வாரத்துக்கு அந்தக் கை எங்கேயும் போகாது.

மார்ச் 14

மூன்று வேளையும் ஊட்டினேன். ஷேவிங் செய்துவிட்டேன். நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 17

தாரணியை நங்கையா கூட்டி வந்தார். ஆறாவது படிக்கிறாள். அப்பாவைக் கதவு ஓரமாக நின்று பார்த்தாள். கேன்டீனில் இட்லி வாங்கிக் கொடுத்தேன்.

"அப்பா கை நல்லாயிருமாம்மா?"

"ஆயிரும் கண்ணு."

"எப்போ?"

"ஆறு மாசமாவது ஆகும்னு சொன்னாங்க."

விரல் விட்டு எண்ணினாள். ஏப்ரல், மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். "ஆறு மாசம் இருக்குது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, இன்னொரு இட்லி கேட்டாள். வீட்டில் இரண்டுக்கு மேல் சாப்பிட மாட்டாள்.

மார்ச் 22

ஒன்றும் விசேஷமில்லை.

மார்ச் 25

ஒன்றும் விசேஷமில்லை. தரையில்தான் படுக்கிறேன், ஆனால் படுத்ததும் தூக்கம் வந்துவிடுகிறது. பக்கத்துக் கட்டில் அம்மா, "வந்தப்போ இருந்ததுக்கு உன்ற மூஞ்சி தெளிஞ்சிருச்சு" என்கிறார்.

ஏப்ரல் 1

கையைப் பிரித்துவிட்டார்கள். புறங்கை மேல் ஒரு சதைப்பொட்டலம் மாதிரி தடித்து இருக்கிறது. நிறம் ரோஜா. டாக்டர் ஆதிகேசவன் சிரித்ததை இன்றுதான் பார்த்தேன். "கை பொழச்சிருச்சும்மா" என்றார்.

ஏப்ரல் 22

எலும்பில் குத்தியிருந்த கம்பிகளை எடுத்தாயிற்று. இனி பிசியோதெரபி. அங்கே ஜெஸிந்தா மேடம் என்று ஒருவர், என் வயதுதான் இருக்கும். சின்ன ஸ்கேல் ஒன்றால் அளக்கிறார். விரல்களை மடக்கச் சொல்லி, விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்க்கிறார். இன்று ஆறு சென்டிமீட்டர்.

"இது ஜீரோ ஆகணும். முழு முஷ்டி பிடிக்கணும். அதான் நம்ம இலக்கு" என்றார். "டாக்டர் பண்ணினது பாதிதான். மீதிப் பாதி உங்க கையில இருக்கு, பூங்கொடி."

ஒரு நாளைக்கு ஆறு வேளை, வேளைக்குப் பத்து முறை நான் ஒவ்வொரு விரலாகப் பிடித்து மடக்கிவிட வேண்டும். செய்ததற்கு ஓர் அட்டையில் டிக் போட வேண்டும். அட்டை அவருக்கு. இந்த நோட்டு இனி யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. இருந்தாலும் எழுதுகிற பழக்கம் வந்துவிட்டது.

மே 9

5.5. எண்ணெய் தேய்த்து மடக்கினால் வலியில் கத்துகிறார். கெட்ட வார்த்தை. அது பழசுதான். காலையில் இடது கையால் டம்ளரை எறிந்தார். இடது கைக்குக் குறி இல்லை. சுவரில் பட்டது.

தாரணி டம்ளரை எடுத்து நசுங்கலைத் தடவிப் பார்த்துவிட்டுக் கழுவி வைத்தாள்.

மே 30

சொசைட்டிக்குத் திரும்ப வேலைக்குப் போகிறேன். 5.

ஜூன் 12

மூன்று வேளைதான். அட்டையில் ஆறு போட்டேன். பால் வண்டி லேட்.

ஜூன் 19

அவரே, "இன்னிக்கு வேண்டாம் விடு, வலிக்குது" என்றார். விட்டேன். அட்டையில் ஆறு.

ஜூன் 30

மாதக் கடைசி. அட்டையில் பாதி காலியாக இருந்தது. உட்கார்ந்து எல்லாவற்றையும் நிரப்பினேன். என் ரெஜிஸ்டரில் பன்னிரண்டு வருடத்தில் ஒரு பொய் கிடையாது. பாலில் தண்ணீர் கலந்தவர் சொசைட்டித் தலைவரின் மச்சானாகவே இருந்தாலும் எழுதியிருக்கிறேன்.

ஜூலை 22

இன்று நடந்ததை முழுதாக எழுத வேண்டும்.

டாக்டர் அளந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார். 5. இரண்டு மாதமாக நகரவே இல்லை. தைத்த தசைநாண்கள் சுற்றியிருக்கிற சதையோடு ஒட்டிக்கொண்டனவாம். திறந்து பிரித்துவிட ஓர் ஆபரேஷன் செய்யலாம். ஆனால் மறுநாளிலிருந்தே விடாமல் பயிற்சி செய்தால்தான் பலன், இல்லாவிட்டால் திரும்பவும் ஒட்டும், அப்புறம் செய்ய ஒன்றுமில்லை என்றார். என் வீட்டுக்காரர் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஜெஸிந்தா மேடம் அவரை மெழுகு ஒத்தடத்துக்கு அனுப்பிவிட்டு, என்னை எதிரே உட்காரச் சொன்னார். அட்டையை மேசைமேல் வைத்தார்.

"ஜூன் மாசம் பூரா நூத்தியெண்பது டிக். அதுல பாதி ஒரே பேனா, ஒரே சாய்வு. ஒரே நாள்ல உக்காந்து போட்டது. அட்டை என்ன வேணா சொல்லும் பூங்கொடி, கை பொய் சொல்லாது. இது மடக்காம விட்ட கை."

நான் அட்டையைத் திருப்பி வைத்தேன்.

"வலிக்குதுன்னு கத்தறார், பாவமா இருக்குன்னு விட்டுட்டீங்களா?"

"இல்லீங்க."

"வேலையில நேரமில்லையா?"

"இல்லீங்க மேடம்." அப்புறம் சொல்லிவிட்டேன். "அந்தக் கையாலதானுங்க அடிப்பாரு."

பதினான்கு வருடத்தில் அம்மாவிடம்கூடச் சொல்லாதது. கல்யாணமான மூன்றாவது மாதத்திலிருந்து. காது சரியாகக் கேட்காதது, முன்பல் ஒன்று கட்டிய பல், பால் கேன் எத்தனையோ முறை இடித்தது. அந்த மார்ச் நாலாம் தேதி காலையிலும் அடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார். சட்னியில் உப்பு. மூன்று மணி நேரத்தில் போன் வந்தது.

ஜெஸிந்தா மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "இதுக்கு எனக்கு யாரும் பாடம் எடுக்கலை" என்றார். அப்புறம், "ஒண்ணு கேக்கறேன். கை மடங்கவே இல்லைன்னா, அவரை விட்டுட்டுப் போயிருவீங்களா?"

"எப்படீங்க போறது? பட்டன் போட முடியாத, பிசைஞ்சு சாப்பிட முடியாத மனுசனை விட்டுட்டுப் போனா ஊரு என்னங்க சொல்லும்? என்ற புள்ளையே என்ன நினைக்கும்?"

"மடங்கிட்டா?"

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவர் வற்புறுத்தவில்லை. அடுத்தவரைக் கூப்பிட்டார்.

பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து என் தோளில் சாய்ந்து தூங்கினார். கிணத்துக்கடவு தாண்டும் வரை அந்தக் கேள்வியையே நினைத்துக்கொண்டு வந்தேன். மடங்காத கை இருக்கிற வரைக்கும் நான் அதோடு தைக்கப்பட்டவள். ஆயுசுக்கும் அதற்குச் சோறு பிசைய வேண்டும். மடங்கிவிட்டால்தான் வெட்டிப் பிரிக்க முடியும்.

ஜூலை 23

ஆறு வேளை. நிஜமாகவே ஆறு.

ஆகஸ்ட் 9

தசைநாண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

ஆகஸ்ட் 10

கட்டோடு மடக்க ஆரம்பித்தேன். அலறினார். நான் நிறுத்தவில்லை. நர்ஸே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செப்டம்பர் 4

3. விடியற்காலை கறவைக்கு முன் ஒரு வேளை, சொசைட்டியிலிருந்து வந்து இரண்டு, மாலையில் மூன்று. களிமண் பிசைகிறார், துணிக் கிளிப்பைத் திறந்து மூடுகிறார். "மடக்குங்க. பாதியில நிறுத்துங்க. பத்து எண்ணுங்க. இப்ப விடுங்க." தூக்கத்தில்கூட இதைச் சொல்கிறேனாம், தாரணி சொன்னாள்.

செப்டம்பர் 20

2. டாக்டர் மற்ற நோயாளிகளின் வீட்டாரிடம் என்னைக் காட்டி, "இவங்களை மாதிரி செய்யணும்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அக்டோபர் 7

சூப்பர்வைசரிடம் கேட்டேன். உடுமலைப்பேட்டை குளிரூட்டும் நிலையத்தில் ஜனவரியில் ஒரு டெஸ்டர் இடம் காலியாகிறதாம். "எதுக்குங்க அவ்வளவு தூரம்?" என்றார். தாரணி படிப்புக்கு என்றேன்.

அக்டோபர் 26

1. இன்று அவராகவே சோறு பிசைந்து சாப்பிட்டார். பாதி சிந்தியது. கண்ணில் தண்ணீரோடு என்னைப் பார்த்து, "நீ இல்லைன்னா நான் செத்திருப்பேன் புள்ள" என்றார். பீடியைத் தொட்டு எட்டு மாதமாகிறது. குரலை உயர்த்திப் பேசிக்கூட ஒரு மாதமாகிறது. நங்கையா வந்திருந்தார். "பாரு, அடிபட்டதுல ஆளே மாறிட்டான். சாமி ஒரு கையை எடுத்துட்டு ஒரு மனுசனைக் குடுத்திருக்குது" என்றார்.

மாறியிருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 10

உடுமலைக்கு எழுதிய விண்ணப்பத்தைப் பையிலேயே வைத்திருக்கிறேன். கொடுக்கவில்லை.

நவம்பர் 28

ஜீரோ.

ஜெஸிந்தா மேடம் இரண்டு முறை அளந்தார். நான்கு விரல் நுனியும் உள்ளங்கையைத் தொட்டன. பிடிமானம் அளக்கிற கருவியை அழுத்தச் சொன்னார்: பதினெட்டு கிலோ. என்னையும் அழுத்திப் பார்க்கச் சொன்னார்: இருபத்திரண்டு. என் வீட்டுக்காரர் சிரித்தார், "பால் கேன் தூக்கற கையுங்க" என்றார்.

டாக்டர் வந்து முஷ்டியை, விரித்த கையை, பேனா பிடிப்பதை எல்லாம் போட்டோ எடுத்தார். "இந்தக் கை உங்களாலதான்மா வந்தது" என்றார் என்னிடம்.

வெளியே வரும்போது ஜெஸிந்தா மேடம் என் தோளைத் தொட்டார்.

டிசம்பர் 3

தாரணிக்கு அரையாண்டுப் பரீட்சை. கூடத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் தண்ணீர் கேட்டார்.

"ஒரே ஒரு கணக்குப்பா, முடிச்சுட்டு எடுத்தாரேன்."

நான் அடுப்படியில் இருந்தேன். சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் வெளியே நின்று கேட்பது இதுதான் முதல் தடவை. ஓடி வந்தேன். தாரணி கன்னத்தைப் பிடித்தபடி சுவரோரம் கிடந்தாள். அவளை அவர் இதுவரை அடித்ததில்லை. அழக்கூட இல்லை, வாயைத் திறந்தபடி இருந்தாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. வலது கையை முகத்துக்கு நேரே வைத்து, மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபமே இல்லை. ஒரு குழந்தையின் சந்தோஷம்.

"ஏ புள்ள," என்றார் என்னிடம், "வலிக்கவே இல்ல பாரு."

டிசம்பர் 4

ஏழு நாற்பது பஸ். இரண்டு பை. தாரணியின் புத்தகங்கள் கனம். முதலில் அம்மா வீட்டுக்கு.

டிசம்பர் 5

அவள் கன்னத்தில் நான்கு விரல். நாலுதான் என்பது தெளிவாகத் தெரிகிறது. ஒவ்வொரு விரலையும் நான் பிடித்து மடக்கியிருக்கிறேன். ஒரு நாளைக்கு ஆறு வேளை.

டிசம்பர் 9

மகளிர் காவல் நிலையம். அம்மா வேண்டாம் என்றாள், நான் போனேன். அவரும் நங்கையாவும் வந்திருந்தார்கள். கையில் ஆஸ்பத்திரி ஃபைல், செப்டம்பரில் வாங்கிய மாற்றுத்திறனாளி சான்றிதழ். முழுக்கைச் சட்டை, பட்டன் ஒன்று மாற்றிப் போட்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் அம்மா ஃபைலைப் புரட்டினார். மெஷினில் நசுங்கியபோது எடுத்த போட்டோக்களைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். "எந்தக் கையால அடிச்சார்?"

"வலது கையுங்க."

"இந்தக் கையாலயா?" அவரைப் பார்த்து, "எங்க, மடக்குங்க பாப்போம்."

அவர் மெதுவாக மடக்கினார். நான்கு விரலும் பாதியில் நின்றன. லேசாக நடுங்கின. "இதுக்கு மேல வராதுங்க மேடம்."

பாதியில் நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் கடினமான பயிற்சி. அதற்கே ஒரு மாதம் ஆனது. பத்து எண்ணும் வரை நிறுத்தச் சொல்வேன். அங்கே இருபது எண்ணும் வரை நிறுத்தினார்.

"பொய்யிங்க மேடம். முழுசா மடங்கும். நான்தான் மடக்கினேன்."

"ஒம்பது மாசம் கண்ணுல வச்சுப் பாத்தவ, இப்ப உனக்கு என்ன வந்துச்சு?" என்று நங்கையா அழுதார். பொய் அழுகை இல்லை.

இன்ஸ்பெக்டர் என்னைத் தன்மையாகவே பார்த்தார். "இங்க பாரும்மா. நீ சொல்ற மாதிரி கை நல்லாயிருச்சுன்னா, ஆள் தேறிட்டார். ஒரு அறைக்காக இத்தனை நாள் பட்ட பாட்டை வீணாக்குவியா? சேர்ந்து இரு. கை நல்லாகலைன்னா, இந்த நிலைமைல ஒரு மனுசனை விட்டுட்டுப் போறது நியாயமா? நீயே சொல்லு."

மடங்கினால் எனக்கு விடுதலை என்று கணக்குப் போட்டிருந்தேன். எந்தப் பக்கம் அளந்தாலும் அவர்களுக்கு ஒரே அளவுதான் வருகிறது.

"நான் போகமாட்டேனுங்க" என்றேன். சேர்ந்து வாழ விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்தேன். மனு வாங்கியதற்கு ஒரு ரசீது தந்தார்கள்.

வாசலில் அவர் வண்டியைக் கிளப்பினார். நங்கையா பின்னால் ஏறிக்கொண்டார். வலது கையால் ஆக்ஸிலேட்டரை முறுக்கி, லாரிக்கும் ஆட்டோவுக்கும் நடுவே நுழைந்து, நல்ல வேகத்தில் போனார். இன்ஸ்பெக்டர் அம்மா உள்ளே வேறு யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 15

ஜெஸிந்தா மேடம் போன் செய்தார். அவர் தனியாகச் செக்கப்புக்குப் போனாராம், பெண்டாட்டி ஊருக்குப் போயிருக்கிறாள் என்றாராம். நான் நடந்ததைச் சொன்னேன்.

"கை முழுசா வேலை செய்யுதுன்னு நான் எழுதித் தரேன். கோர்ட்டுக்குக் கூப்பிட்டாலும் வரேன்."

"சரிங்க மேடம்." அப்புறம், கேட்கவே கூடாதென்று இருந்ததைக் கேட்டேன். "நான்தானுங்க அந்தக் கையை மடக்கிக் குடுத்தேன்?"

"நானும்தான்" என்றார்.

டிசம்பர் 20

விண்ணப்பத்தைக் கொடுத்தேன். சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். பால் ஊற்ற வருகிறவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கேனைக் கொடுக்கும்போது முன்னே மாதிரி பேசுவதில்லை. ஒருத்தி மட்டும், வரிசையில் கடைசியாக நின்று, "நல்லாயிரு சாமி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் பேர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது.

ஜனவரி 4

உடுமலையில் ஒற்றை அறை. குளியலறை பின்னால், மூன்று வீட்டுக்குப் பொது. முதல் நாள் வேலை. இங்கே எல்லாம் மெஷின் டெஸ்ட், ஆனாலும் ரெஜிஸ்டர் உண்டு.

பக்கத்து வீட்டு அம்மா வந்து விசாரித்தார். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்றார். நார் மில்லில் ஆபரேட்டர் என்றேன். கூட வரவில்லையா என்றார். இல்லை என்றேன். அதற்கு மேல் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்துவிட்டுப் போனார். நாளைக்கு இன்னொருவர் வருவார்.

மாலையில் தாரணி குளிக்கப் போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம். தொண்டையைத் திறந்து, சுதியில்லாமல், அந்த வரிசை வீடு முழுவதும் கேட்கிற மாதிரி. எங்கள் வீட்டில் அவள் பாடிக் கேட்டதில்லை. அவளுக்குப் பாட வரும் என்றே எனக்குத் தெரியாது. பக்கத்தில் ஏதாவது சொல்லிவிடப் போகிறார்கள் என்று பயந்து, மெதுவாகப் பாடு என்று சொல்ல எழுந்து போனேன். கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன்.

தட்டவில்லை. ஈரத் தரையில், அவள் முடிக்கிற வரைக்கும் நின்றுகொண்டிருந்தேன்.